பழையபேட்டையில் பாடம் நடத்தாத ஒரு டியூஷன்: ஐந்து மாத அனுபவம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு மாடி வீட்டில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் வகுப்பு இது. பெயர்ப்பலகை கிடையாது. அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் நடத்துகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ‘சார்’ என்றே எழுதுகிறேன். எட்டாவது முதல் பத்தாவது வரை மொத்தம் 18 பிள்ளைகள். மாதம் 600 ரூபாய். பத்தாவது படிக்கும் என் மகள் அக்டோபரிலிருந்து போகிறாள். எட்டாவது படிக்கும் மகன் இரண்டு மாதம் போய்விட்டு நின்றுவிட்டான். இரண்டு பேருடைய அனுபவமும் வேறு வேறு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பாடம் நடத்த மாட்டார்கள். பள்ளியில் நடத்தாமல் விட்ட பாடத்தை இங்கே முடித்துக் கொடுப்பார்கள் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். பிள்ளை கணக்குப் போடும்போது மனதுக்குள் என்ன ஓடுகிறது, எங்கே நிற்கிறது, தெரியும் என்று நினைத்தது உண்மையிலேயே தெரியுமா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளப் பழக்குவதுதான் இங்கே வேலை.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கன்று நர்சரி. காலாண்டுத் தேர்வில் மகள் கணக்கில் 58 வாங்கினாள். மதிப்பெண் குறைந்ததைவிட என்னைப் பாதித்தது வேறு. தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று, “80க்குக் குறையாதுப்பா” என்று முகம் மலரச் சொன்னவள் அவள். பொய் சொல்கிற பிள்ளை இல்லை. இரவு பதினொன்று வரை உட்கார்ந்து படித்தவள். விடைத்தாள் வந்ததும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “எல்லாம் சில்லி மிஸ்டேக் அப்பா” என்றாள். அதற்கு முந்தைய வருடம் பெரிய பணம் கட்டி அனுப்பிய ஒரு டியூஷன் சென்டரிலும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். “நல்ல பொண்ணு சார், கொஞ்சம் கவனக்குறைவு.” கவனமாக இரு, கவனமாக இரு என்று நானும் ஒரு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். எதைக் கவனிக்க வேண்டும் என்று அந்த சென்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சாரிடம் அந்த விடைத்தாளோடு போனோம். மதிப்பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. தாளை மகளிடம் திருப்பிக் கொடுத்து, தப்பான ஒவ்வொரு இடத்திலும், அந்த வரியை எழுதும்போது என்ன நினைத்தாய் என்று பக்கத்தில் எழுதச் சொன்னார். ‘சில்லி மிஸ்டேக்’, ‘கவனக்குறைவு’ இரண்டு வார்த்தைக்கும் அங்கே இடமில்லை. கவனம் குறைந்தது என்றால் எந்த இடத்தில், எதிலிருந்து குறைந்தது என்று சொல்ல வேண்டும். மகள் முக்கால் மணி நேரம் எழுதினாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று அவள் கண்டுபிடித்தது இது. அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் குறி இருந்தால், உள்ளே இருக்கும் முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றுகிறாள், இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறாள். −(2x − 5) என்பதை −2x + 5 என்று எழுதாமல் −2x − 5 என்று எழுதுகிறாள். பத்தாவது கணக்குப் புத்தகம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பல்லுறுப்புக் கோவையை வகுத்தாலும், வகுத்தல் முறையில் மீப்பெரு பொதுக் காரணி கண்டாலும், வர்க்கமூலம் கண்டாலும் ஒவ்வொரு படியிலும் கழித்தே ஆக வேண்டும். ஒரே ஓட்டை மூன்று பானையிலும். ஐந்து மதிப்பெண் கணக்கில் இரண்டு, இரண்டு மதிப்பெண் கணக்கில் இரண்டு என்று நான்கு இடத்தில் அவள் தடுக்கி விழுந்தது இந்த ஒரு கல்லில்தான். நான்கு தனித்தனி சில்லி மிஸ்டேக் என்று நாங்கள் நினைத்திருந்தோம். வீடு திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து, “ஒண்ணுதாம்ப்பா, ஒண்ணே ஒண்ணுதான்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வகுப்பு நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சார் ஐந்து கணக்கைப் போர்டில் எழுதுவார். போடுவதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘வரும்’, ‘சந்தேகம்’, ‘வராது’ என்று பிள்ளைகள் எழுதிவிட வேண்டும். அப்புறம்தான் போட வேண்டும். கடைசியில் முன்பு எழுதியதையும் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு மதிப்பெண் கேள்விகளில் இதையே பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி என்று வைத்திருக்கிறார். உறுதியாகத் தெரிந்தால் பச்சை. ஊகித்து எழுதினால் சிவப்பு. பொதுத்தேர்வு மாதிரியே 14 கேள்வி. முதல் வாரம் மகள் பத்துக்குப் பச்சை வைத்தாள், அதில் மூன்று தப்பு. சிவப்பு நான்கில் இரண்டு சரி. சிவப்பில் தப்பானதைப் பற்றி சார் அதிகம் பேசவில்லை. பச்சை வைத்துத் தப்பான மூன்றைத்தான் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் பேச வைத்தார். தெரியாது என்று தெரிந்தால் பிள்ளை போய்ப் படித்துக்கொள்ளும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. அதில் ஒரு ஆறுதலான செய்தியும் இருக்கிறது என்றார். உறுதியாக நம்பிச் செய்த தவறு உடனே திருத்தப்பட்டால், அரைகுறையாக ஊகித்த தவறைவிட நன்றாக மனதில் பதிகிறது என்று பட்டர்ஃபீல்டு, மெட்கால்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் காட்டியிருக்கிறார்களாம். மகளைக் கேட்டால் அந்த மூன்று கேள்வியையும் இன்றும் சொல்வாள்.

சனிக்கிழமைகளில் ஜோடி ஜோடியாக உட்கார வைப்பார். ஒரு பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டே மனதில் வருவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொரு பிள்ளை குறுக்கே பேசாமல், திருத்தாமல், சொன்னதை அப்படியே எழுத வேண்டும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கூச்சம். அதற்காக முதலில் சாரே செய்து காட்டுவார். பிள்ளைகள் எங்கிருந்தாவது ஒரு கணக்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் முன்னால் பார்த்திராத கணக்கு. ஒரு நாள் நான் சீக்கிரம் போனதால் கேட்க முடிந்தது. போர்டில் 2, 6, 12, 20 என்று இருந்தது. “பார்த்ததும் எனக்குக் கூட்டுத் தொடர்வரிசைன்னு தோணுது. ஏன் தோணுது? நேத்து அதையே போட்டுக்கிட்டு இருந்தேன், அதனால. சரி, வித்தியாசத்தைப் பார்க்கிறேன். நாலு, ஆறு, எட்டு. ஒண்ணா இல்லை. அப்ப நான் அவசரப்பட்டுட்டேன். இப்ப எனக்கு வேற எதுவும் தோணல. கொஞ்சம் நிக்கிறேன்.” உண்மையாகவே நின்றார். பிறகு ஒன்றை இரண்டால் பெருக்கினால் இரண்டு, இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு என்று அவருக்குப் பிடிபட்டது. நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவர் பிள்ளைகள் முன்னால் “எனக்கு எதுவும் தோணல” என்று சொல்லி நின்றதை நான் அதற்கு முன்னால் எங்கேயும் பார்த்ததில்லை. நான் படித்த காலத்தில் வாத்தியார் போர்டில் எழுதினால் கணக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தண்ணீர் மாதிரி ஓடும். அப்படி ஓடாத நம் மூளைதான் மட்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அறிவியலுக்கும் இதே வழிதான். மகள் ஒளியியல் பாடத்தை ஐந்து முறை வாசித்திருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுவதும் கோடு. சார் புத்தகத்தை மூடச் சொல்லி, நினைவில் இருப்பதை வெறும் தாளில் எழுதச் சொன்னார். ஏழு வரி வந்தது. அன்றைக்குப் பெற்றோர்களையும் உட்கார வைத்து இரண்டு ஆய்வைச் சொன்னார். ஒன்று ஜான் ஃபிளாவெல் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்தது. நம் சிந்தனையை நாமே கவனிப்பதைப் பற்றி 1970களில் பெயர் வைத்துப் பேச ஆரம்பித்தவர் அவர். சில படங்களைக் கொடுத்து, பார்க்காமல் முழுவதும் சொல்ல முடியும் என்று தோன்றும்வரை படி, தோன்றியதும் சொல் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். வயதில் மூத்த பிள்ளைகள் தயார் என்று சொன்னால் பெரும்பாலும் தயாராகவே இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் தயார் என்று சொன்னார்கள், ஆனால் சொல்ல முடியவில்லை. என் மகளுடைய 80ஐ அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்று 2006இல் ரோடிகர், கார்பிக்கே இருவரும் கல்லூரி மாணவர்களிடம் செய்தது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து வாசித்த குழுவுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 61 சதவீதம். இதில் என் மனதில் தைத்தது வேறு. நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது நான்கு முறை வாசித்த குழுதான். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழக்கமாகிவிடும். அந்தப் பழக்கத்தை அறிவு என்று மனது எடுத்துக்கொள்கிறது என்றார் சார். மார்க்கர் இப்போது நர்சரியில் லேபிள் எழுதப் பயன்படுகிறது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 80 பக்க நோட்டு உண்டு. எங்கே நின்றேன், அப்போது என்ன நினைத்தேன், அடுத்த முறை எதைப் பார்ப்பேன் என்று அன்றைய வகுப்பு முடிவில் எழுத வேண்டும். வீட்டிலும் படித்த பிறகு ஐந்து வரி. இந்த நோட்டைப் பெற்றோர் திறக்கக் கூடாது. சேரும்போதே சார் கேட்கும் ஒரே உறுதி இதுதான். நான் அதை மீறினேன்.

நவம்பரில் ஒரு நாள் இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு எடுத்துப் படித்தேன். “அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எனக்குக் கணக்கு வருவதில்லை. அவர் பேனாவையே பார்க்கிறார். தப்பாக எழுதிவிடுவேனோ என்றே யோசிக்கிறேன்” என்று எழுதியிருந்தாள். மறுநாள் காலை சும்மா இருந்திருக்கலாம். “நான் உட்கார்ந்தா உனக்கு இடைஞ்சலா பாப்பா?” என்று கேட்டுவிட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அவள் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த நோட்டில் “இன்று நன்றாகப் படித்தேன்”, “இன்று கவனமாக இருந்தேன்” என்றுதான் இருந்ததாம். சார் போன் செய்தார். திட்டவில்லை. “ஒட்டுக் கட்டுறதுல எத்தனை செத்துச்சுன்னு ஒரு நோட்டு வச்சிருப்பீங்களே, அதை பேங்க் மேனேஜருக்குக் காட்டுவீங்களா?” என்று கேட்டார். மாட்டேன். பேங்குக்கு வேறு கணக்கு. யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் அந்த நோட்டில் நான் உண்மையை எழுதுகிறேன்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். பழையதை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. இப்போது அவள் படிக்கும்போது நான் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அந்தக் கேள்விக்கு அப்புறம் என் நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். சந்தூரில் ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டு இருபது வருடம் ஆகிறது. ஒட்டுச் செத்தால் மழை இல்லை, வெயில் அதிகம் என்று எழுதியிருப்பேன். எல்லாம் வானத்தின் மேல் பழி. இந்த ஆடியில் கட்டிய 200 பெங்களூரா மா ஒட்டில் 170 துளிர்க்கும் என்று நினைத்தேன், 131தான் துளிர்த்தது. என்றைக்கு, எந்த நேரத்தில் கட்டியது என்று பார்த்தால், செத்ததில் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய வரிசை. குச்சியும் வேர்ச்செடியும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று பார்க்காமல், கைக்கு வந்ததைச் சீவிச் சொருகியிருக்கிறேன். இதை மகளிடம் சொன்னபோது, “அது பச்சைப் புள்ளிப்பா” என்றாள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு இந்த வகுப்பு ஒத்துவரவில்லை. பின்னம் அவனுக்கு அடிப்படையிலேயே தெரியாது. எங்கே நின்றேன் என்று எழுதச் சொன்னால் ‘எல்லா இடத்திலும்’ என்று எழுதினான். இரண்டாவது வாரம் ‘எனக்குக் கணக்கு வராது’ என்று எழுதினான். “இது உன்னைப் பத்தி எழுதினது தம்பி, கணக்கைப் பத்தி எழுது” என்று சார் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ஆனால் பாடமே தெரியாத பிள்ளைக்குத் தன் யோசனையைப் பார் என்று சொன்னால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. வாரா வாரம் தன் தவறையே எழுதி எழுதி அவன் சோர்ந்துவிட்டான். இதை சார் முதல் இரண்டு வாரத்திலேயே கண்டுபிடித்து எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு மாதம் தாமதமாகிவிட்டது. அவரிடமே சொன்னேன், ஒப்புக்கொண்டார். இப்போது பக்கத்து ஊர் அக்கா ஒருவர் அவனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறார். பின்னம் வந்த பிறகு வேண்டுமானால் திரும்ப யோசிப்போம்.

வேறு குறைகளும் உண்டு. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. மேலே தகரக் கூரை, ஒரே ஃபேன். அக்டோபரிலேயே வியர்த்தது. கோடையில் எப்படி உட்காருவார்களோ தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் சாருடைய பதில் வர இரண்டு நாள் ஆகும். ஆங்கிலத்துக்கும் சமூக அறிவியலுக்கும் இதே முறையை வைத்துக்கொள் என்று சொல்வாரே தவிர, கணக்கில் காட்டும் நுணுக்கம் அங்கே இல்லை. ரேங்க் கார்டு, மாதாந்திர ரிப்போர்ட் எதுவும் கிடையாது. கொடுத்த பணத்துக்குக் காகிதத்தில் எதையாவது பார்த்தால்தான் நிம்மதி என்பவர்களுக்குக் கஷ்டம். ஜனவரியில் பள்ளியில் சிறப்பு வகுப்பு ஆரம்பித்ததும் படித்த பிறகு நோட்டில் இருபது நிமிடம் எழுதுவது மகளுக்குப் பாரமாகிவிட்டது. சாரிடம் சொன்னதும் ஐந்து வரியை இரண்டு வரியாகக் குறைத்துவிட்டார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். காலாண்டில் 80 வரும் என்றவள் 58. அரையாண்டில் 74 வரும் என்று எழுதி வைத்தாள், 69 வந்தது. இரண்டாம் திருப்புதலில் 78 என்று எழுதினாள், 81 வந்தது. 58க்கும் 81க்கும் நடுவில் பள்ளி ஆசிரியையின் உழைப்பும் இருக்கிறது, அதை இந்த வகுப்பின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் அவள் நினைப்பதற்கும் வருவதற்கும் இடையில் 22 இருந்தது 5 ஆகி, 3 ஆகியிருக்கிறதே, அது இங்கே வந்ததுதான். தேர்வு எழுதிவிட்டு வந்ததும் ‘80க்குக் குறையாது’ என்று மொத்தமாகச் சொல்வது போய்விட்டது. “ஜியோமெட்ரி சரியா வந்திருக்கும், கிராஃப்ல அளவுத்திட்டம் எழுதினேனான்னு சந்தேகம்” என்று சொல்கிறாள். இரவு பதினொன்று வரை உட்காருவதும் இல்லை. தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் படித்து நேரத்தைப் போக்காமல், சந்தேகம் என்று குறித்ததை மட்டும் எடுக்கிறாள். ஒன்பதரைக்குத் தூங்கிவிடுகிறாள்.

நன்றாகப் படிக்கிறது, ஆனால் மதிப்பெண் வரவில்லை, ஏன் என்று பிள்ளைக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை என்கிற வீடுகளுக்கு இந்த வகுப்பைத் தாராளமாகச் சொல்வேன். ஒன்பதாவதிலேயே சேர்த்துவிடுங்கள், பத்தாவது அக்டோபரில் சேர்த்தது தாமதம்தான். அடுத்த வருடத்துக்கு மே மாதக் கடைசியில் சேர்க்கிறார்.

சனிக்கிழமை மாலை 4 முதல் 6.30, ஞாயிறு காலை 10 முதல் 12. தர்மபுரி பக்கமிருந்து வருபவர்கள் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். சனிக்கிழமை சில நாள் ஏழு மணி ஆகிவிடும், பெண் பிள்ளைகளை யாராவது வந்து அழைத்துப் போவது நல்லது. நோட்டு வாங்கும்போது 192 பக்கம் வாங்காதீர்கள். இவ்வளவும் எழுத வேண்டுமா என்று பிள்ளை மலைத்துவிடும், 80 பக்கமே வாங்குங்கள் என்று சார் சொல்வார். ஒரு பச்சைப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. அட்டையில் பெயரைப் பிள்ளையே எழுதட்டும்.